"பழகிப் போச்சு சார்!" என்றால் உயிர் தப்புமா?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர்... எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடி வீடுகள் எழும்புகின்றன. மூன்றாவது மாடி உயரத்தில், சவுக்குக் கட்டை சாரத்தில், ரப்பர் செருப்போடு நின்று பூசுகிறார் கொத்தனார். இடுப்பில் பெல்ட் இல்லை. கீழே வலை இல்லை. கேட்டால், "பழகிப் போச்சு சார்" என்கிறார்.

பழக்கம் பிடித்துக் கொள்ளுமா, கால் வழுக்கினால்?

61 பேர் பலி

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. போரூர் அருகே மவுலிவாக்கத்தில், கட்டிக் கொண்டிருந்த 11 மாடி கட்டடம் இடிந்து தரைமட்டமானது. ஆந்திரா, ஒடிசா, தமிழ்நாடு என்று பிழைப்புத் தேடி வந்த 61 பேர் மாண்டனர். பக்கத்தில் நின்ற ஜோடி கட்டடம் 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது.

2018 ஜூலையில் கந்தன்சாவடியில் இரும்புச் சாரம் சரிந்து ஒருவர் பலி, பலருக்குக் காயம். 2025 செப்டம்பர் 30-ந் தேதி எண்ணூர் அனல் மின் நிலைய வேலையில் சாரம் சரிந்து 9 பேர் பலி. பாடம் மட்டும் ஏறவில்லை.

சட்டமா இல்லை?

கட்டடத் தொழிலாளர்களுக்கு 1994-லேயே தமிழ்நாட்டில் நலவாரியம் வந்தது. 1996-ல் மத்திய அரசு தனிச்சட்டம் போட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன.

பெரிய கம்பெனிக்குக் கவலை இல்லை. சட்டம் படிக்க ஆள் உண்டு, பாதுகாப்பு அதிகாரி உண்டு. ஒரு கிரவுண்டில் நாலு வீடு கட்டும் சின்னக் காண்டிராக்டருக்கு யார் உண்டு? சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அலமாரியில் வைப்பார். விபத்துக்குப் பிறகு அவரைக் கைது செய்தால் செத்தவர் திரும்பி வருவாரா? முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

வரைபட அனுமதி கொடுக்கும்போதே, தாம்பரம் மாநகராட்சி ஒரே ஒரு தாள் கொடுக்கட்டும். ஆள் உயரத்துக்கு மேல் குழி தோண்டினால் மண் சரியாதபடி முட்டுக் கொடு. லிப்ட் குழியை மூடி வை. சாரத்துக்குக் கைப்பிடி கட்டு. பெல்ட்டை சாரத்துக் கட்டையில் மாட்டாதே. சாரம் விழுந்தால் ஆளும் விழுவார். தனியாக உறுதியான கயிறு கட்டி அதில் மாட்டு. தமிழோடு தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளியிலும் படம் போட்டு எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

தாளோடு நிற்கக் கூடாது. தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் மாதம் ஒரு நாள் மேஸ்திரிகளைக் கூப்பிட்டுச் செய்து காட்டட்டும். பிறகும் திருந்தாதவர் வேலையை நிறுத்தட்டும்.

பணம் எங்கே என்கிறார்களா? கட்டடச் செலவில் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் நல நிதியாக வசூலாகிறது. அது தொழிலாளி பணம். அதில் பயிற்சி கொடுக்கலாம். பெல்ட், வலை வாங்குவது காண்டிராக்டர் பொறுப்பு. சென்டரிங் பலகையும் ஜாக்கியும் வாடகைக்குக் கிடைக்கிற ஊரில் வலை கிடைக்காதா என்ன?

வீடு வாங்குவோர் கவனிக்க!

புது வீடு புக் பண்ணப் போகிறவர்கள் "கார் நிறுத்த இடம் உண்டா?" என்று கேட்கிறீர்கள். அண்ணாந்து சாரத்தையும் ஒரு தடவை பாருங்கள். வலைக்கும் பெல்ட்டுக்கும் கணக்குப் பார்க்கிறவர், கண்ணுக்குத் தெரியாத அஸ்திவாரத்தில் மட்டும் தாராளமாகக் கம்பி போட்டிருப்பாரா?