பூண்டுலோயாவில் எத்தனை எழுத்து?

நுவரெலியா மாவட்டத்திலே தேயிலை மலைகளுக்கிடையே அமைந்த பூண்டுலோயா என்னும் ஊரின் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? இவ்வினாவை அவ்வூர்த் தோட்டப் பாடசாலையிலே பயிலும் சிறு பிள்ளையிடம் கேட்டால், பூ, ண், டு, லோ, யா என விரலை மடித்து ஐந்து என்று விடை கூறும். பைதன் என்னும் செய்நிரல் மொழியிடம் கேட்டால் அது பத்து என்று கூறும். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைப் பாடமாகக் கொண்டு பைதன் பயின்று வந்த மாணவனை இவ்விரண்டுள் எது சரி என்று கேட்டால், அவன் சற்றே தயங்கிப் பின்னர் பொறியின் பக்கம் சாய்கிறான். பொறி சொன்னால் அது கணக்கு. பிள்ளை சொன்னால் அது வழக்கம். இச்சாய்வு அறியாமையின் பாற்பட்டது மட்டுமன்று. அடிமைப் புத்தியின் பாற்பட்டதுமாகும்.

பொறி பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அது எண்ணுவது வேறொன்றை. ஒவ்வொரு செய்நிரல் மொழியும் சில தரவு வகைகளைத் தன்னுள்ளே கொண்டே பிறக்கிறது. முழுவெண், தசமவெண், சரம், பட்டியல், அகராதி முதலிய இவை பைதனின் உள்ளமைந்த வகைகள். எழுத்துத்தொடரைத் தாங்கும் சரம் என்னும் வகை, யூனிகோடு வகுத்த குறியீட்டுப் புள்ளிகளையே தன் உறுப்புகளாகக் கொள்வது. 1991 இல் வெளிவந்த யூனிகோட்டின் முதற்பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டபோது, இந்தியாவின் ‘இஸ்கி’ நியமத்தின் 1988 ஆம் ஆண்டு ஒழுங்கே பின்பற்றப்பட்டது. அதன்படி அகரமேறிய மெய்க்கு ஓரிடம், ஏனைய உயிர்க்குறிகளுக்குத் தனித்தனி இடம், புள்ளிக்கும் ஓரிடம். எனவே ‘பூ’ என்பது பகரமும் ஊகாரக் குறியும். ‘ண்’ என்பது ணகரமும் புள்ளியும். ஐந்தெழுத்தும் இவ்வாறு இரண்டிரண்டாகப் பிளவுண்டு பத்தாகின்றன. யூடிஎஃப்-8 முறையிலே சேமிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட்டுக் கொள்வதால், ஊரின் பெயர் 30 பைட்டு ஆகிறது. ஆங்கில எழுத்தில் எழுதினால் அதே பெயருக்குப் பத்துப் பைட்டுப் போதும்.

இலக்கணம் கற்றோர் ஈண்டு ஒன்றை அவதானிக்க வேண்டும். தொல்காப்பியருக்கு மெய்யே முதல். அகரம் அதனோடு சேர்ந்து இயங்குவது. யூனிகோட்டுக்கோ அகரமேறிய ‘ண’ முதல். புள்ளி இட்டுப் பெறும் ‘ண்’ அதன் வழிவந்தது. தலை கீழாகிவிட்டது. இது குற்றமெனக் கூறுவதற்கில்லை; எழுத்து வடிவை நோக்கினால் அவ்வாறு வகுப்பதற்கும் நியாயம் உண்டு. ஆயினும் அது ஒருவகைப் பகுப்பேயன்றி எழுத்தின் இயல்பு அன்று.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழியிடம் இதே பெயரைக் கொடுத்தால் ஐந்து என்றே எண்ணும். அம்மொழியின் உள்ளமைந்த சரம், படிப்போர் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தோன்றும் கொத்தினையே ஓர் உறுப்பாகக் கொள்ளுமாறு ஆக்கப்பட்டது. அதே யூனிகோடு, விடை மட்டும் வேறு. பைதனிலேயே மெய், பொய் என்னும் இரண்டைத் தாங்கும் வகை தொடக்கத்தில் இருக்கவில்லை. 2003 இல் வெளியான 2.3 ஆம் பதிப்பிலேதான் அது சேர்க்கப்பட்டது. அதுவும் முழுவெண்ணின் உட்பிரிவாகச் சேர்க்கப்பட்டமையால், இன்றும் இரண்டு ‘மெய்’களைக் கூட்டினால் பைதன் 2 என்று விடை தருகிறது. உண்மைகளைக் கூட்டித் தொகை காண்பது மெய்யியற் பாடத்தில் நடவாத காரியம். உள்ளமைந்தது என்று பெயர் பெற்றதெல்லாம் ஆதியில் அமைந்ததன்று. ஒருநாள் சிலர் கூடித் தீர்மானித்ததே.

தீர்மானம் யாருடையதாயின் என்ன, எண்ணிக்கையில் வந்த வேறுபாடு யாருக்கு என்ன தீங்கு செய்யும் என வினவுவோர் உளர். ‘லோ’ என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோட்டில் இருவகையாக எழுதலாம். ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் காலும் ஆகிய இரண்டாகவும் எழுதலாம். திரையிலே இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். எந்தக் கண்ணுக்கும் வேறுபாடு புலப்படாது. ஆனால் முதலாவதைப் பைதன் பத்து என்றும் இரண்டாவதைப் பதினொன்று என்றும் எண்ணும். இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று கூறும். ஒரு விசைப்பலகையால் ஒருவகையாகப் பதியப்பட்ட பெயரை, மற்றொரு விசைப்பலகையால் மற்றவகையாகத் தட்டித் தேடினால், அப்படி ஒருவர் பதிவில் இல்லை என்ற விடையே வரும். ‘பதிவில் இல்லை’ என்ற சொல்லைக் கந்தோர் வாசல்களிலே தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த ஒரு சமூகத்துக்கு இது வெறும் கணிப்பொறிச் சிக்கல் அன்று.

இந்நிலைக்கு இருவகைத் தீர்வு பேசப்படுவதுண்டு. பொறி எண்ணுகிறபடியே தமிழரும் எண்ணப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. இதனை வெளிப்படையாக யாரும் கூறுவதில்லை; ஆனால் வகுப்பறை இதனையே செய்கிறது. சரத்தின் நீளம், சரத்தைத் திருப்புதல் முதலிய பயிற்சிகளை ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மட்டுமே செய்துகாட்டி, தமிழ்ச்சொல்லை இட்டுப் பாராமலே பாடத்தை முடித்துவிடுதல் அதன் நாகரிகமான வடிவம். மற்றையது, யூனிகோட்டையே தூக்கி எறிந்து ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் குறியீட்டைக் கைக்கொள்ள வேண்டும் என்பது. தமிழக அரசு 2010 இல் யூனிகோட்டோடு ‘டேஸ் 16’ என்னும் அத்தகைய குறியீட்டையும் நியமமாக ஏற்றது. அதன் தருக்கம் நேரியது. ஆயினும் உலகின் கைபேசிகளும் இயங்குதளங்களும் யூனிகோட்டின் தமிழ்ப் பகுதியையே பேசுகின்றன. ஊரெல்லாம் ஒரு நாணயம் செல்லும்போது வீட்டுக்குள்ளே வேறு நாணயம் அடித்து வைத்திருப்பதால் கடையிலே அரிசி வாங்க முடியாது.

இரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். அடியில் உள்ள வகையே இறுதி என்று இருவரும் நம்புகின்றனர். ஒருவர் அதற்குப் பணிகிறார், மற்றவர் அதனை இடிக்க முனைகிறார். செய்நிரல் மொழி இவ்விரண்டுக்கும் புறம்பாக ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கிறது.

2001 இன் இறுதியில் வெளியான பைதன் 2.2 ஆம் பதிப்பு, உள்ளமைந்த வகைக்கும் செய்நிரலர் ஆக்கும் வகுப்புக்கும் இடையே இருந்த சுவரைப் பெரும்பாலும் தகர்த்தது. அதற்கு முன்னர் சரத்தையோ பட்டியலையோ தாயாகக் கொண்டு புதிய வகுப்பை ஈன முடியாது. அதன் பின்னர் முடியும். ‘எழுத்துச்சரம்’ என்றொரு வகுப்பை ஆக்கி, அது பிறக்கும்போதே ஓகாரக் குறி முதலியவற்றை ஒரே வடிவுக்குக் கொணர்ந்து, நீளம் கேட்கப்படும்போது உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்நின்ற எழுத்தோடு சேர்த்து எண்ணுமாறு செய்தால், பூண்டுலோயா ஐந்தெழுத்தாகிவிடும். யூனிகோடு இருந்தபடியே இருக்கும். பைதனும் இருந்தபடியே இருக்கும். முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரற்றொகுதி சொல்லைத் தமிழெழுத்துகளாகப் பிரித்துத் தரும் சார்பினை ஏற்கெனவே கொண்டுள்ளது. வேலையின் பாதி முடிந்தே கிடக்கிறது.

இம்முறை தமிழ் மாணவருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என்றும் சார்பெழுத்து மூன்று என்றும் வகுத்தார். பின்வந்த பவணந்தியார் நன்னூலிலே அம்முப்பதைத் தொடவில்லை. சார்பெழுத்தையே பத்தாக விரித்து, உயிர்மெய்யையும் அளபெடைகளையும் குறுக்கங்களையும் அதனுள் அடக்கினார். அடிப்படை நிலைத்திருக்க அதன்மேல் வகை வளர்ந்தது. பைதன், உள்ளமைந்த சரத்தின் மீதே புதிய பண்பை ஒட்ட முயன்றால் மறுத்துவிடும்; ரூபி மொழியோ அதனை அனுமதிக்கும். பைதனின் மறுப்பே நன்று. ஒருவர் தம் வசதிக்காகச் சரத்தின் நீளத்தை மாற்றினால், அதே செய்நிரலில் அதனை நம்பியிருக்கும் பிறர் எழுதிய பகுதிகள் யாவும் நிலைகுலையும். பொதுக் கிணற்றின் ஆழத்தை ஒருவர் இரவோடிரவாக மாற்றலாகாது.

இவ்வழியில் இடர் இல்லையென்பது பொய். எழுத்துச்சரத்தை வேறொரு சரத்தோடு கூட்டினால், அல்லது அதிலே ஒரு துண்டை வெட்டினால், வெளிவருவது பழைய சரமே. பிள்ளை தாயின் குணத்துக்கு மீண்டுவிடுகிறது. அச்செயல்களையும் ஒவ்வொன்றாக வரைந்து கொடுத்தாக வேண்டும். சோம்பல் உள்ளோர் இங்கே கைவிட்டு, பழி முழுவதையும் மொழியின்மேற் போட்டுவிடுவர்.

வகுப்பாக்கத்தின் இரண்டாம் படி இன்னும் அருமையானது. பைதனிலே வகுப்பு என்பதும் ஒரு பொருளே. எண்ணுக்கு வகை உண்டு. அவ்வகைக்கும் வகை உண்டு. அதன் பெயரே ‘வகை’. அதற்கு ஒரு பெயரும் தாய் வகுப்புகளின் தொகுதியும் பண்புகளின் அகராதியும் ஆகிய மூன்றைக் கொடுத்தால், செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய வகுப்பொன்றை ஆக்கித் தரும். செய்நிரலர் எழுதும் வகுப்பு வாக்கியமும் உள்ளே பெரும்பாலும் இதனையே செய்கிறது. இதனை இயங்குநிலை வகுப்பாக்கம் எனலாம். இது மயக்கம் தருவது, பிழை தேடக் கடினமானது, கற்பிக்கத்தக்கதன்று என்பது பலர் கருத்து. சாதாரண வேலைக்கு அக்கருத்து சரியே. வகைகள் இவையென எழுதும்போதே தெரியுமானால் அவற்றை நேரே எழுதிவிடுவதே அறிவுடைமை. தெரியாதபோது என் செய்வது?

தெரியாதபோது என்பதற்கு மலையகமே உதாரணம். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேதான் இந்நாட்டுத் தமிழர் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என முதன்முறையாக இரண்டாக எண்ணப்பட்டனர். அதற்கு முந்திய மதிப்பில் அப்பிரிவு இல்லை. மனிதர் இருந்தனர், வகை இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் பத்தாண்டு காத்திருந்து 1974 இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வந்தது. 2024 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் அறிக்கையில் ‘இந்தியத் தமிழர்’ என்பதோடு ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் இடம்பெற்றது. தோட்டத்திலே கொழுந்து பறித்தவர் அதே மனிதர். அவர்மேல் ஒட்டிய வகையே ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் இத்தனைமுறை ஆக்கப்பட்டது.

இன்று இப்பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேறும் மாணவரே நாளை வைத்தியசாலைப் பதிவேட்டுக்கும் பாடசாலை அனுமதிக்கும் செய்நிரல் எழுதுவர். இனம் என்னும் நிரலுக்கு நான்கைந்து பெயரை ஒரு பட்டியலாகக் குறிமுறைக்குள்ளேயே பொறித்துவிடுவது அவர்களுக்கு எளிது. 2014 இல் வந்த பைதன் 3.4 இன் எண்ணிடல் வகுப்பு அதற்கு ஏற்ற கருவி. ஆனால் உறுப்பினர் இடப்பட்ட எண்ணிடல் வகுப்பைத் தாயாகக் கொண்டு இன்னோர் உறுப்பினரைச் சேர்க்க இயலாது. சட்டம் மாறும்; சமூகம் தனக்கிட்ட பெயர் வழக்கில் ஏறும்; செய்நிரலோ, அப்படி ஒரு வகை இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பும். அப்பட்டியலைப் புறத்தே அட்டவணையாக வைத்து, செய்நிரல் தொடங்கும்போது அதனைப் படித்து வகுப்பை ஆக்கிக்கொள்ளுமாறு எழுதினால், புதிய பெயர் வருவதற்கு அட்டவணையில் ஒருவரி போதும். கடினமானது, கற்பிக்கத்தக்கதன்று என ஒதுக்கப்படும் அந்நுட்பத்தின் உரிய இடம் இதுவே. அட்டவணையைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் என்பது வேறு வினா. அதனை எந்தச் செய்நிரலும் தீர்க்காது. ஆனால் வினா கந்தோரில் நிற்கும், குறிமுறைக்குள் புதையுண்டு போகாது.

இவையெல்லாம் விஞ்ஞான பீடத்தார் வேலை, கலைப்பீடத்தாருக்கு இங்கு என்ன என்று கேட்கப்படுவதுண்டு. எழுத்து எது, அதன் எல்லை எது என்ற வினா இலக்கண வினா. இந்த வகுப்பு மனிதரை யார் வகுத்தார் என்ற வினா வரலாற்று வினா. இவ்விரண்டையும் கேளாமல் எழுதிய செய்நிரல் எவ்வளவு விரைவாக ஓடினும் தவறான இடத்துக்கே விரைவாக ஓடும்.

உயர்தர வகுப்புகளில் வழங்கும் ஒரு சிறு பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம்: ஒரு சொல் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றேயா எனச் செய்நிரலைக் கொண்டு சோதித்தல். திருஞானசம்பந்தர் மாலைமாற்று என்றொரு பதிகமே பாடிய மொழியில் இப்பயிற்சிக்குத் தமிழ்ச்சொற்கள் பல கிடைக்கும். அவற்றுள் எளியது விகடகவி. பைதனின் உள்ளமைந்த சரத்தைத் திருப்பினால், இறுதி இகரக் குறி ஒட்ட மெய்யின்றித் தலையில் வந்து நிற்கும். முதலெழுத்தின் இகரக் குறி அடுத்துள்ள ககரத்தின்மேல் ஏறும். விகடகவி மாலைமாற்று அன்று என்று பொறி தீர்ப்பளிக்கும். பூண்டுலோயாவைத் திருப்பினால், காலொன்று தனித்து நிற்க, அதன் பின்னே ‘யோலுட்ணூப’ என்று வரும். எழுத்துச்சரம் வகுப்பு அதனை ‘யாலோடுண்பூ’ என்று திருப்பும். விகடகவியை விகடகவி என்றே திருப்பும். இவ்விரு விடைகளையும் ஒரே கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக்காட்ட ஒரு பாடவேளை போதும்.