முடி உதிர்வும் மூலிகைத் தைலமும்: காலத்தை இழக்காதீர்கள்

வேலூர் லாங் பஜாருக்குச் சென்று கரிசலாங்கண்ணிப் பொடி, உலர்ந்த செம்பருத்திப் பூ, நெல்லி வற்றல், வெந்தயம் எனப் பொட்டலம் கட்டி வாங்கி வருவோர் பலர். அவற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். ஆயினும், எங்களிடம் வருவோர் அந்த எண்ணெயைப் பற்றி நாங்கள் கேட்டால் மட்டுமே சொல்கின்றனர். கடிந்துகொள்வோம் என்ற தயக்கம் அவர்களுக்கு. அந்தத் தயக்கம் வேண்டாம். எண்ணெயின் மீது எங்களுக்குப் பகை இல்லை. அதை மட்டுமே நம்பிக் கழியும் ஆண்டுகளைப் பற்றியதே எங்கள் கவலை.

பரம்பரை வழுக்கை ஓர் இரவில் வருவதன்று. ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும், பெண்களுக்கு வகிடும் மெல்ல அகல்கின்றன. ஆண்களிடம் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் மயிர்க்கால்களைச் சிறிது சிறிதாகச் சுருக்குகிறது. தடித்த முடி இருந்த இடத்தில் பூனைமுடி முளைக்கிறது. இந்தக் கட்டத்தில் சிகிச்சைக்கு இடமுண்டு. நெடுநாள் வழுக்கையாகிவிட்ட இடத்தில் பூசும் மருந்தும் பெரிதாக உதவாது.

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக இருந்தது. அதை உண்டவர்களுக்கு முடி வளர்ந்ததைக் கண்டே அதைத் தலையில் பூசும் மருந்தாக்கினர். 1988இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் குறைகளையும் மறைக்கமாட்டோம். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம். சிலருக்கு அரிப்பு உண்டாகும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். நிறுத்தினால் அப்பலன் மறையும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தவிர்க்க வேண்டும். முதல் உதிர்வைக் கண்டு அஞ்சி, மருந்தைக் கைவிடுவோரே மிகுதி.

மூலிகைகளுக்குச் சான்றே இல்லையா என்று கேட்பீர்கள். 2015இல் வெளிவந்த ஈரானிய ஆய்வொன்று, 100 ஆண்களிடம் ரோஸ்மேரி எண்ணெயை 2 விழுக்காட்டு மினாக்சிடிலுடன் ஒப்பிட்டு, ஆறு மாத முடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்றது. மருந்தில்லாத எண்ணெய் பூசிய மூன்றாம் குழு அதில் இல்லை. ஆகவே அது ஒரு தொடக்கமே. வெங்காயச் சாற்றைப் பற்றி 2002இல் வந்த ஆய்வு, புழுவெட்டைப் பற்றியது. பரம்பரை வழுக்கையைப் பற்றியதன்று. கரிசலாங்கண்ணி பற்றிப் பெரிதும் பேசப்படும் ஆய்வுகள் எலிகளிடம் நடந்தவை.

"பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த எண்ணெயால் முடி வளர்ந்ததே!" என்பர். காய்ச்சலுக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் கொட்டும் முடி, சில மாதங்களில் பெரும்பாலும் தானே திரும்பிவிடும். அப்போது தேய்த்த எண்ணெய்க்குப் பெயர் கிடைக்கிறது. இரத்தசோகையாலோ தைராய்டு குறையாலோ உதிரும் முடிக்கோ எந்தத் தைலமும் விடையன்று. நோய் கண்டறியப்படாமல் நாள்கள் கழிவதே மிச்சம்.

சேராங்கொட்டையைப் பற்றித் தனியே எச்சரிக்கிறோம். அதன் பால் தோலைக் கொப்பளிக்கச் செய்யும். புண் ஆழமாகித் தழும்பேறிய இடத்தில் முடி முளைப்பதரிது. பிறர் சொல்கேட்டு அதைத் தலையில் தேய்க்காதீர்கள்.

நாங்கள் வேண்டுவது மூன்று. எண்ணெய் காய்ச்சுவதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக் காரணத்தை அறியுங்கள். எதைத் தொடங்கினாலும் அன்றே ஒரு படம் எடுத்து, ஆறு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் மற்றொன்று எடுத்து ஒப்பிடுங்கள். சித்த மருத்துவத்தை விரும்பினால், பதிவு பெற்ற சித்த மருத்துவரை நாடுங்கள். எங்களிடமும் அதைச் சொல்லுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். பெண் பார்க்கும் நாளை நினைத்து வருந்தும் மகனையோ, வகிட்டைத் துப்பட்டாவால் மறைக்கும் மகளையோ கேலி செய்யாதீர்கள். கேலிக்கு அஞ்சி ஒளிப்பவர்களே எங்களிடம் காலந்தாழ்ந்து வருகின்றனர்.