குழம்பை நீங்கள் வையுங்கள்

மசக்கைக்காரி வாந்தியெடுத்து முகம் கழுவிட்டு வந்து உங்களுக்கு மீன் குழம்பு கூட்டி வைக்கணுமா சார்? ‘எங்கம்மா அஞ்சு பெத்தாங்க, இப்படியா படுத்தினாங்க?’ என்கிறீர்கள். உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டு. கருவிலிருந்து வரும் ஜி.டி.எஃப்.15 ஹார்மோன் மூளையில் குமட்டலைக் கிளப்புகிறது; ஏற்கெனவே அது குறைவாக இருந்த பெண்ணுக்குப் பாடு அதிகம் என்று 2023-ல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வே வந்துவிட்டது. இதில் நடிப்பு எங்கே?

வெங்காயம் வதங்குகிற வாசனையே அவளுக்கு எமன். அடுப்படிக்கு நீங்கள் போங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, குழைந்த சோறு, எலுமிச்சை ரசம், சுட்ட அப்பளம். தட்டு நிறைய வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நாலு வாய். ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்று திணிக்காதீர்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லையா, கஷாயம் தேடாமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

மீன் குழம்பா? ஓட்டலில் சாப்பிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.