லஞ்ச வழக்குக்கு மட்டும் ஏன் இந்த விதிவிலக்கு?

ஆசிரியருக்கு,

ரசாயனம் தடவிய நோட்டை வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்குகிறார்கள், நீர் இளஞ்சிவப்பாகிறது. அதைப் புட்டியில் ஊற்றி சீல் வைக்கிறார்கள். மறுநாள் நாளிதழில் ‘கையும் களவுமாகப் பிடிபட்டார்’ என்று செய்தி வருகிறது. பட்டா மாறுதலுக்காக நடையாய் நடந்தவர், இனி நியாயம் கிடைக்கும் என்று நம்புகிறார். ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, அந்த ஊழியரைப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் படைத்தவர் அனுமதி தராதவரை நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க முடியாது.

இந்தக் காப்பே கூடாது என்பதல்ல வாதம். பொய்ப் புகாரால் நேர்மையான அலுவலர் அலைக்கழிக்கப்படக் கூடாதுதான். ஆனால், தருகிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ சொல்லாமல் கோப்பை முடக்கிவைப்பவரை யார் கேட்பது?

அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டு சுப்பிரமணியன் சுவாமி 2008 நவம்பரில் பிரதமருக்கு எழுதினார். பதில் வந்தது 2010 மார்ச்சில். அந்த அமைச்சர் 2017-ல் விடுதலையானார் என்பது உண்மை. ஆனால் ஒரு பதிலுக்குப் பதினாறு மாதம் எதற்கு? இந்தத் தாமதம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2012 தீர்ப்பில் நீதிபதி கங்குலி தெளிவாக வழிகாட்டினார்: முடிவெடுக்கக் கெடு வைத்து, அது முடிந்தும் முடிவு வராவிட்டால், அனுமதி தரப்பட்டதாகவே கொள்ளும்படி சட்டத்தைத் திருத்துவதை நாடாளுமன்றம் பரிசீலிக்கட்டும் என்றார்.

2018-ல் திருத்தம் வந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கும் காப்பு நீண்டது. அதிகாரிகள் எடுத்த முடிவுகள் பற்றி விசாரிக்கவே முன் ஒப்புதல் வேண்டும் என்று 17ஏ பிரிவு நுழைந்தது. மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னொரு மாதம் என்று கெடுவும் எழுதினார்கள். கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதை மட்டும் எழுதவில்லை.

சென்னை சிபிஐ தொடர்ந்த ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம், இந்தக் கெடு கட்டாயமானது, தாமதத்துக்கு அனுமதி தரவேண்டியவரே பொறுப்பு, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அதைக் கவனிக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் மாநில அரசின் வருவாய்த் துறை ஊழியர் விஷயத்தில் அந்த ஆணையத்துக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

வேதனை என்னவென்றால், இதே நாடாளுமன்றம் வேறோர் இடத்தில் அந்த வரியை எழுதியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-வது பிரிவுப்படி, அரசு 120 நாளில் முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். பணி நிமித்தம் நடந்த மற்றக் குற்றங்களுக்குப் பொருந்தும் இந்த நியாயம் லஞ்சத்துக்கு ஏன் பொருந்தவில்லை?

19, 17ஏ ஆகிய இரு பிரிவுகளிலும் இதே விதியைச் சேர்க்க வேண்டும். காரணமின்றிக் கோப்பை முடக்குபவர் மீது துறை நடவடிக்கை உண்டு என்பதும் சட்டத்திலேயே இடம்பெற வேண்டும். தமிழக எம்.பி.க்கள் கட்சி பேதமின்றி, வரும் கூட்டத்தொடரிலேயே இதற்குத் தனிநபர் மசோதா கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்