குணமான பிறகும் மாத்திரை ஏன்?

திருவனந்தபுரத்தில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமானால் "ஊளம்பாறைக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்பார்கள். சென்னையில் அதே வேலையைக் "கீழ்ப்பாக்கம்" என்ற பெயர் செய்கிறது. ஊளம்பாறையிலுள்ள மனநல மையம் திருவிதாங்கூர் சமஸ்தான காலத்தில், 1870-ல் தொடங்கப்பட்டது. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் இந்தச் சீமையைச் சேர்ந்ததாகவே இருந்ததால், தமிழருக்கும் இப்பெயர் புதிதல்ல. ஆஸ்பத்திரியின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டபடியால், அங்கு எழுதித் தரும் மாத்திரையையும் மறைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. மறைத்துச் சாப்பிடும் மருந்து நெடுநாள் நீடிப்பதில்லை.

மனச்சோர்வு நோய்க்கும், அளவு மீறிய உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கும் பயனுள்ள மருந்துகள் இன்று உண்டு. இருமுனை நோய்க்கு லித்தியம் உதவும் என்பதை ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் 1949-லேயே எடுத்துக்காட்டினார். ஆனால் மருந்து இருப்பது வேறு, அதை விடாமல் உட்கொள்வது வேறு. நீண்டகால நோய்களுக்கான மருந்துகளை முறைப்படி சாப்பிடுவோர், வளர்ந்த நாடுகளில்கூட சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2003-ல் கூறியது.

நிறுத்துவதற்குக் காரணங்கள்

முதற் காரணம், குணமானதே. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்களாகும். தூக்கமும் பசியும் திரும்பியதும் "இனி எதற்கு?" என்ற எண்ணம் எழுகிறது. குணமடைந்த பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும் என்பதே டாக்டர்களின் பொதுவான ஆலோசனை. இருமுனை நோய்க்குப் பல ஆண்டுகள் தேவைப்படலாம். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் விரைவில் திரும்புவதோடு, தற்கொலை அபாயமும் கூடுகிறது.

இரண்டாவது, பக்க விளைவு. கை நடுக்கம், எடை கூடுதல், பகலில் தூக்கம் ஆகியவை கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும் மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் பிழைப்பையே பாதிக்கும். லித்தியம் சாப்பிடுவோர் அவ்வப்போது ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு நிலையையும் சோதித்துக்கொள்வது அவசியம். அடுப்படியிலும் வெயிலிலும் வியர்வை சிந்துவோர் போதிய தண்ணீர் குடிக்காவிட்டால், ரத்தத்தில் லித்தியம் அபாய அளவுக்கு ஏறக்கூடும். கடையில் வாங்கும் சில வலி மாத்திரைகளும் இதே கெடுதலைச் செய்யும். இவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லாமல், "மாத்திரையை நிறுத்திவிட்டார்" என்று அவர்மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

மூன்றாவது, வெளியூர் வாழ்க்கை. நான்கு பேர் தங்கும் அறையில் மாத்திரை அட்டையை ஒளிப்பது கடினம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போய்விடும். பொங்கலுக்கு ஊர் சென்றவர் பத்து நாள் கூடுதலாகத் தங்கினால், கையிருப்பு மருந்து தீர்ந்துவிடும்.

உள்ள உரிமைகள்

நிலைமை முழுவதும் இருளல்ல. திருவனந்தபுரத்தில் 1999-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. சுற்றுவட்டார அரசு ஆஸ்பத்திரிகளில் நடக்கும் அதன் முகாம்களில் மருந்து இலவசம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியதுடன், உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரவேண்டும் என்கிறது.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்துள்ள தொழிலாளருக்கு இன்னொரு சலுகை உண்டு. நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவிக்குரிய 34 நோய்களின் பட்டியலில் கடும் மனச்சோர்வும் இருமுனை நோயும் அடங்கும். உரிய சேவைக்காலமும் டாக்டரின் சான்றும் இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் இரண்டாண்டு காலம் பெறலாம். வேலை போய்விடுமோ என்று நோயை மறைப்பவர் பலருக்கு இவ்வுரிமை இருப்பதே தெரிவதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" சேவையில், 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை கேட்கலாம்.

மேலும் செய்யவேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. மருந்துக் குறிப்பைத் தமிழிலும் எழுதித் தரலாம். ஊர் செல்பவருக்குக் கூடுதல் நாட்களுக்கு மருந்து வழங்கலாம். பக்க விளைவு உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்கலாம். நோயாளியும் மருந்து பிடிக்கவில்லையென்றால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கவோ வேறு மருந்து தரவோ வழியுண்டு.

நோய்க்குறிகள் அடங்குவதோடு சிகிச்சையின் பணி முடிந்துவிடுவதில்லை. நிம்மதியாகத் தூங்கி, வேலைக்குச் சென்று, மாதம் பிறந்ததும் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடிகிறதா என்பதே சரியான அளவுகோல். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவரை எவரும் கேலி செய்வதில்லை. அதே மரியாதை மனநோயாளிக்கும் கிடைத்தால், மாத்திரையை ஒளித்துவைக்கும் அவசியம் இராது.