பூவைப் பார்த்து ஏமாறாதீங்க!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் தேக்கினால்தான் பிழைப்பு. அங்கே ஊதாப் பூவோடு ஆகாயத்தாமரை தலைகாட்டினால், "அழகா இருக்கே!" என்று நின்று பார்ப்பவர்கள் உண்டு.

ஆபத்தே அங்கேதான்! தென் அமெரிக்காவில் இருந்து வந்த செடி இது. சாக்கடை கலந்தால் கொழுத்து, இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். மடையை அடைக்கும். இலங்கையில் 1909-லும் வங்காளத்தில் 1936-லும் இதை ஒழிக்கச் சட்டமே போட்டார்கள்.

கோடையில் கண்மாய் வற்றினால் செடி கருகும். "தொலைஞ்சது சனியன்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. விதை சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மழை பெய்ததும் முளைக்கும்.

பூக்குமுன் வேரோடு வாரிக் கரைக்கு அப்பால் கொட்ட வேண்டும். சாக்கடையை உள்ளே விடக் கூடாது. பத்துச் செடி என்றால் இரண்டு ஆள் போதும். கண்மாயே மூடிவிட்டால் ஊரே இறங்கினாலும் தீராது!