பொன்வண்டு எந்த வருசம் காணாமப் போச்சு?

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே புனேயில் நண்பர் வீட்டில் சாப்பாடு. நாலு தமிழ்க் குடும்பம். வத்தக்குழம்பு, அப்பளமெல்லாம் முடிந்து வெத்தலை போடும்போது பேச்சு வழக்கம் போல ஊருக்குப் போய்விட்டது. தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தது, தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டது, மின்மினியை பாட்டிலில் அடைத்தது... "இப்ப ஊர்ல பொன்வண்டே இல்லைங்க, எல்லாம் போச்சு" என்று நண்பர் பெருமூச்சு விட்டார். நாங்களும் விட்டோம்.

என் பத்து வயது மகள் கேட்டாள்: "கடைசியா எந்த வருசம் பார்த்தீங்க அங்கிள்?"

நண்பர் யோசித்து 1992 என்றார். "1990லயே நீங்க ஹாஸ்டலுக்குப் போயாச்சே" என்றார் அவர் மனைவி. சிரித்து மழுப்பினோம். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை (வத்தக்குழம்பும் ஒரு காரணம்). பொன்வண்டு போய்விட்டதா, இல்லை நாம்தான் போய்விட்டோமா? யாருக்குத் தெரியும்? எவன் எழுதி வைத்தான்?

கோபித்துக்கொள்ளாதீர்கள் மக்களே, சொல்லியே ஆகவேண்டும். நம்முடைய ஊர் ஏக்கத்தால் பூச்சிக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. தேதி, இடம், படம் எதுவும் இல்லாத ஞாபகம் வெறும் கதை. கதையைக் காட்டி யாரிடமும் எதையும் காப்பாற்றச் சொல்ல முடியாது.

ஜெர்மனியில் க்ரேஃபெல்ட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பூச்சி ஆர்வலர் சங்கம், பெரும்பாலும் தன்னார்வலர்கள். 1989லிருந்து ஒரே மாதிரிப் பொறிகளை வைத்து, விழுந்த பூச்சிகளை எடை போட்டுக் குறித்து வந்தார்கள். 27 வருசக் கணக்கு 2017ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தபோது உலகமே அதிர்ந்தது. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது, அதுவும் பாதுகாக்கப்பட்ட இடங்களில்! அவர்களும் "அந்தக் காலத்துல..." என்று பெருமூச்சு விட்டிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

சரி, நாம் என்ன செய்கிறோம்? "இது நம்ம ஊரா என்ன, ரெண்டு வருசத்துல கிளம்பிடுவோம்" என்கிறோம். நான் இதைச் சொல்லி 14 வருசம் ஆகிறது. மாலத்தீவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிய சார்லஸ் ஆண்டர்சன் இப்படி நினைக்கவில்லை. அவர் கடல் உயிரியல்காரர், தட்டான் அவர் வேலையே இல்லை. ஆனாலும் முட்டையிட நல்ல தண்ணீர் தேங்காத தீவுகளில் வருசா வருசம் அக்டோபரில் தட்டான்கள் கூட்டமாக வந்து இறங்குவதைத் தேதியோடு குறித்து வந்தார். அவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009ல் எழுதினார். நாம் வாலில் நூல் கட்டினோமே, அந்தத் தட்டான் வகையறாதான்!

என் மகள் ஒரு வருசமாக என் போனில் ஐநேச்சுரலிஸ்ட் ஆப் வைத்துப் படம் போட்டு வருகிறாள். யாரோ முகம் தெரியாதவர் பார்த்து சரி என்பார், அல்லது திருத்துவார். பாதிக்கு மேல் எறும்பு, ஈ, பாத்ரூம் சுவரில் உட்காரும் குட்டிப்பூச்சி. "இதையெல்லாம் போட்டு என்ன ஆகப்போகுது?" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

ஜூலையில் ஊரிலிருந்து ரயிலில் தூக்கி வந்த கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. இலையெல்லாம் ஓட்டை. மருந்தடித்துவிட்டேன். சாயங்காலம் அவள் காலையில் எடுத்த படத்தைக் காட்டினாள். லைம் பட்டாம்பூச்சியின் புழு, ஏழு. தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, கொன்றவன் பெயர் மட்டும் இல்லை. அவள் சண்டை போடவில்லை. அடுத்த நாள் அதே தொட்டியைப் படமெடுத்தாள், அவ்வளவுதான்.

"பசங்களுக்கு சர்டிபிகேட் கிடைக்குமா?" என்று கேட்கும் அப்பாக்களே, தயவுசெய்து இந்தப் பக்கம் வராதீர்கள். 2020லிருந்து செப்டம்பரில் பட்டாம்பூச்சி மாதம் நடக்கிறது, நல்ல விஷயம். ஆனால் ஒரு மாதம் ஓடியாடிப் படமெடுத்துவிட்டு மறுபடி ஆணி புடுங்கப் போவதில் பாதிப் பலன்தான். அபூர்வப் பூச்சியைத் தேடி மலையேறவும் வேண்டாம். ஒரே பால்கனி, ஒரே பார்க்கிங் ட்யூப்லைட், வாரம் ஒரு நாள், வருசக்கணக்காக. நேற்று இருந்தது இன்று இல்லை என்று அப்போதுதான் சொல்ல முடியும். இதற்கு மராத்தி தெரிய வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், சொந்த வீடும் வேண்டாம். வாடகை வீட்டுச் சுவரில் உட்காரும் அந்துப்பூச்சி ஓனரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

முப்பது வருசம் கழித்து நம் பிள்ளைகள் வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்து புனேயை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். "எந்த வருசம்?" என்று அவர்கள் பிள்ளை கேட்கும். அவர்களாவது பதில் சொல்லட்டும்.

பி.கு.: ஆப்பில் வீட்டு இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்க வசதி இருக்கிறது, குழந்தைகள் போடும்போது அதைப் பயன்படுத்துங்கள். கறிவேப்பிலை துளிர்த்துவிட்டது. புழு இன்னும் வரவில்லை.